"கோ" சொன்னால்தான் இடி இடிக்கும்!

லண்டன் நாடகக் கொட்டகைகளில் கைதட்டல் வாங்குவது நடிகர்கள். ஆனால் மேடையை ஆட்டி வைக்கும் ஆசாமி ரசிகர்கள் கண்ணில் படுவதே இல்லை!

மேடை ஓரத்தில் இருட்டு. சின்ன மேஜை. மங்கலான விளக்கு. காதில் "ஹெட்போன்" மாட்டி உட்கார்ந்திருப்பவர் துணை ஸ்டேஜ் மானேஜர். எதிரே வசனப் புத்தகம். எந்த வார்த்தைக்கு விளக்கு அணையவேண்டும், எந்த வார்த்தைக்கு இடி இடிக்கவேண்டும் என்று பென்சில் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

சிவப்பு, பச்சை

"விளக்கு 42, ஸ்டாண்ட்பை!" என்பார். தயார் என்று விளக்கு ஆள் பதில் சொல்லவேண்டும். பிறகு கப்சிப். நடிகர் அந்த வார்த்தையைச் சொன்னதும், "விளக்கு 42... கோ!" அவ்வளவுதான், மேடை இருண்டுவிடும்.

"ஹெட்போன்" இல்லாதவர்களுக்குச் சிறு விளக்கு. சிவப்பு எரிந்தால் உஷார். பச்சை எரிந்தால் "கோ"!

உயிருக்கு உலை

நாடகம் நடக்கும்போது அந்த ஒரு வார்த்தையை வேறு எதற்கும் சொல்லக்கூடாது. விளையாட்டாகச் சொன்னாலும் கேட்டவர் பட்டனை அமுக்கிவிடுவார். பெரிய சீன் படுதா மேலிருந்து இறங்கும்; தரைக்கதவு திறந்துகொள்ளும். அங்கே நடிகர் நின்றால் என்ன ஆவது?

அதனால் டி.வி. பெட்டியில் பார்த்துக்கொண்டே இருப்பார். வசனம் வந்தாலும், இடம் காலியாக இல்லையென்றால் "கோ" கிடையாது!

கடைசியில் நடிகர்கள் வரிசையாக நின்று வணங்குவார்கள். கைதட்டல் கூரையைப் பிளக்கும். அதற்கும் விளக்கு எரிவது அவர் "கோ" சொன்ன பிறகுதான். அவர் மட்டும் மேடைக்கு வரமாட்டார்!