உங்களுக்குத் தெரியுமா? 102 வயதில் டாக்டர் பட்டம்!

இங்கபோர்க் ராப்போபோர்ட் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர் முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 102. படிப்பில் சுணங்கியவர் அல்ல. தொண்டை அடைப்பான் நோய் பற்றிய ஆய்வேட்டை 1938-லேயே ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டார். தாய் யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வாய்மொழித் தேர்வு மறுக்கப்பட்டது. அமெரிக்காவில் மறுபடி மருத்துவம் படித்து, பின்னாளில் கிழக்கு பெர்லினில் பச்சிளங்குழந்தை மருத்துவப் பேராசிரியராகவே ஆகிவிட்டார். ஒரு கௌரவப் பட்டத்தைக் கையில் கொடுத்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் முறைப்படி தேர்வே வைத்தார்கள். 2015 மே மாதம் மூன்று பேராசிரியர்கள் அவர் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து கேள்வி கேட்டார்கள். பார்வை மங்கியிருந்ததால், அந்த நோய் பற்றிய புதுத் தகவல்களை நண்பர்கள் இணையத்தில் தேடிச் சொல்ல, காதால் கேட்டே தயாராகியிருந்தார். முக்கால் மணி நேரம். தேறிவிட்டார்!