விளையாட்டுக்கு வயது வரம்பு வைத்தது யார்?

நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஐபிஎல் ஆட்டத்தை மாலை ஏழரை மணி தொடங்கி நள்ளிரவு நெருங்கும்வரை பார்த்தால், வீட்டில் யாரும் அவரை ஏளனமாகப் பார்ப்பதில்லை. இரவில் அடுத்தடுத்து இரண்டு சீரியல் பார்ப்பதும், யூடியூபில் மணிக்கணக்கில் அரசியல் விவாதம் கேட்பதும் பெரியவர்களுக்கு உரிய பொழுதுபோக்குகள்தாம். அதே மனிதர் சோபாவில் சாய்ந்து அரை மணி நேரம் கேம் விளையாடினால் மட்டும், "கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இன்னும் கேமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் அலுவலக நண்பர்களிடம்கூட இந்தப் பழக்கத்தைச் சொல்வதில்லை. பொழுதுபோக்கு என்ன என்று யாராவது கேட்டால் புத்தகம், பயணம் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். இந்த ஏளனத்துக்கு அறிவியல் அடிப்படை ஏதும் உண்டா? கடந்த இருபது ஆண்டுகளில் சேர்ந்துள்ள சான்றுகளைப் பார்த்தால் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் மேலே ஒரு படி போகலாம். பெரியவர்களின் விளையாட்டின்மீது நாம் ஏற்றி வைத்திருக்கும் வெட்கம், தன் பங்குக்குத் தனியாகக் கெடுதல் செய்கிறது.

வீடியோ கேம் பிறந்தபோது அது குழந்தைகளுக்கான பொருளாக இல்லை. 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பார்வையாளர் தினத்துக்கு வருபவர்கள் அலுத்துப்போகக் கூடாது என்று இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம் ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். ஆஸிலோஸ்கோப்பின் சின்னஞ்சிறு வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டிப் பறக்கும். ஆடுபவர் குமிழைத் திருகிக் கோணத்தை மாற்றி, பொத்தானை அழுத்திப் பந்தை அடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்கு மின்னணுக் கருவிகள் வடிவமைத்தவர் இந்த ஹிகின்பாதம். 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களும் ஆய்வாளர்களும் பிடிபி-1 கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை ஆடினார்கள். 1972இல் அடாரி நிறுவனம் 'பாங்' விளையாட்டின் முதல் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்த இடம், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த ஒரு மதுக்கூடம். வேலை முடித்து பீர் குடிக்க வந்த பெரியவர்கள் காசு போட்டு ஆடி ஆடி, காசுப் பெட்டி நிரம்பி இயந்திரமே நின்றுபோனது.

இந்தக் கதை திசைமாறியது 1983இல். தரமற்ற கேம்கள் சந்தையில் குவிந்து, வாங்க ஆளின்றி, அமெரிக்க வீடியோ கேம் தொழில் சரிந்தது. அடாரி தன் விற்காத சரக்கை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழிதோண்டிப் புதைத்தது. வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் விரட்டிய அந்தச் சூழலில்தான், 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ அமெரிக்காவுக்குள் நுழைந்தது. தன் கருவிக்கு 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் வைத்து, கூடவே ஒரு ரோபோ பொம்மையையும் சேர்த்து, பொம்மைச் சரக்காகவே அது கடை ஏறியது. உத்தி வென்றது, ஒரு தலைமுறையே கேமைப் பொம்மைக் கடையில் சந்தித்தது. நம் ஊரில் தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் செருகி ஆடும் கார்ட்ரிட்ஜ் விளையாட்டுகள் கோடை விடுமுறைப் பொருளாக வந்ததால், இங்கும் அதே எண்ணம் ஒட்டிக்கொண்டது. ஆக, கேம் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்ற முடிவை எந்த மருத்துவரும் எடுக்கவில்லை, எந்த உளவியலாளரும் எடுக்கவில்லை. அது ஒரு விற்பனை உத்தியின் மிச்சம்.

சரி, பெரியவர்களின் மூளைக்குள் விளையாட்டு என்னதான் செய்கிறது? மிக நெருக்கமாக ஆராயப்பட்ட கேம்களில் ஒன்று டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கியது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எமிலி ஹோம்ஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே இந்த கேமை எடுத்துச் சென்றார்கள். சாலை விபத்தில் சிக்கி, ஆறு மணி நேரத்துக்குள் அங்கு வந்து சேர்ந்த 71 பேர் இதில் பங்கேற்றார்கள். ஒரு பாதியினர் விபத்தின் மிகக் கொடுமையான கணங்களைச் சுருக்கமாக நினைவுகூர்ந்துவிட்டு, கையடக்கக் கருவியில் சுமார் 20 நிமிடம் டெட்ரிஸ் ஆடினார்கள். மறுபாதியினர் அந்த நேரத்தில் தாங்கள் செய்ததைக் குறித்துவைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில், கேட்காமலே கண்முன் வந்து நிற்கும் விபத்துக் காட்சிகள், டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு 62 சதவீதம் குறைவாக இருந்தன. பயங்கரமான காட்சி நினைவாக உறைவதற்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் விழும் கட்டைகளைத் திருப்பி, பொருத்தி, அடுத்ததற்கு இடம் தேடும் வேலை, காட்சிகளைக் கையாளும் அதே மூளைத் திறனைப் பிடித்துக்கொள்வதால், விபத்துக் காட்சி முழு வீரியத்துடன் பதிய வழியில்லாமல் போகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சிறிய ஆய்வுதான், முதல் வாரத்து விளைவையே அது தெளிவாகக் காட்டியது. ஆனால் கேம் ஆடும்போது மூளை சும்மா கிடக்கிறது என்ற பேச்சை மறுக்க இதுவே போதும்.

அன்றாட மனநலம் என்று வந்தால், ஒரு பழைய சிக்கல் குறுக்கே நிற்கும். கேம் ஆடுபவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா, மகிழ்ச்சியாக இருப்பவர்கள் கேம் ஆடுகிறார்களா? இதைப் பிரித்தறிய ஜப்பானில் ஒரு வாய்ப்பு தானாக வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 கருவிகளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட, கடைகள் குலுக்கல் முறையில் விற்றன. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுவது மருந்துச் சோதனை நடத்துவதற்குச் சமமாயிற்று. 2020 முதல் 2022 வரை 10 வயது தொடங்கி 69 வயது வரையிலான 97,602 பேரிடம் தகவல் திரட்டி, 2024இல் வெளியான அந்த ஆய்வு, கேம் கருவி கிடைத்ததாலேயே மன உளைச்சல் குறைந்தது என்று காட்டியது. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியபோது கூடுதல் பலன் சுருங்கியது என்பதையும் அது மறைக்கவில்லை. இதற்கு முன், 2022இல், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சுமார் 39,000 பேரின் ஆட்ட நேரத்தை கேம் நிறுவனங்களின் கணினிப் பதிவுகளிலிருந்தே பெற்று ஆராய்ந்தார்கள். எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதற்கும் மனநலத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எந்தப் பக்கமும் தென்படவில்லை. ஆசைப்பட்டு ஆடுகிறார்களா, ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடுகிறார்களா என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது.

இங்கேதான் வெட்கம் உள்ளே வருகிறது. ஜெர்மனியின் மைன்ஸ், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 471 பேரிடம் முந்தைய நாள் வேலையோ படிப்போ முடிந்தபின் எப்படி இருந்தது, டிவி பார்த்தீர்களா, கேம் ஆடினீர்களா, அதன்பின் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டது. மிகவும் களைத்துப்போனவர்களே தங்கள் ஓய்வை 'கடமையைத் தள்ளிப்போடும் சோம்பேறித்தனம்' என்று அதிகம் கருதினார்கள். அப்படிக் கருதியவர்களுக்குக் குற்றவுணர்வு கூடியது. குற்றவுணர்வு கூடியவர்களுக்குக் களைப்பு தீரவில்லை. யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது கிடைக்காமல் போகிறது. ஒரே முறை கேட்டுப் பெற்ற பதில்கள் என்பதால் எது காரணம், எது விளைவு என்பதை இந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லாது. ஆனாலும் படம் தெளிவாக இருக்கிறது. பத்து மணி நேர வேலைக்குப் பின் ஒருவர் ஆடும் அரை மணி நேர ஆட்டத்தில் மனைவியோ மாமனாரோ பார்த்துவிடுவார்களோ என்ற பதற்றம் கலந்தால், நேரமும் போகிறது, ஓய்வும் போகிறது.

வெட்கம் சுற்றியிருப்பவர்களின் கண்ணையும் மறைக்கும். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன், தசைகளைச் சிதைக்கும் டுஷென் நோயோடு பிறந்து, 2014இல் 25 வயதில் இறந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடிய மகனின் ஆண்டுகள் தனிமையில் கழிந்ததாகவே பெற்றோர் நம்பினார்கள். அவர் இறந்த செய்தியை அவரது வலைப்பதிவில் அவர்கள் பதிந்தபின், பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. 'இபெலின்' என்ற பாத்திரமாக அவர் எத்தனையோ பேருக்கு நண்பராக, ஆறுதலாக, ஆலோசகராக இருந்திருக்கிறார். அவரது ஆட்டக் குழுவினர் சிலர் நாடுகள் கடந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். இதை 2024இல் வெளியான ஆவணப்படம் உலகறியச் செய்தது. அன்பான பெற்றோருக்கே மகனின் நட்பு வட்டம் தெரியாமல் போனது, திரைக்குள் நடப்பது வாழ்க்கை ஆகாது என்று நாம் எல்லோரும் நம்பிவருவதால்தான்.

பெரியவர்கள் கேம் ஆடலாம் என்பதற்கு எழும் முதல் மறுப்பு அடிமைத்தனம் பற்றியது, நியாயமான மறுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த வரையறையில் வயதும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. ஆட்டத்தின்மீது கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இதனால் குடும்பம், படிப்பு, வேலை ஆகியவை பெரிதும் பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதமாவது இந்த நிலை நீடிப்பது. இவையே அளவுகோல்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்த நிலை சுமார் 3 சதவீதம் பேருக்கும், கண்டிப்பான முறைகளைக் கையாண்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் சுமார் 2 சதவீதம் பேருக்கும் இருந்தது. இவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. கேலி இவர்களை மீட்காது. அரை மணி நேரம் ஆடியதற்கே வசை வாங்கி மறைக்கப் பழகியவர், அது எட்டு மணி நேரமாக வளரும்போது யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது மறுப்பு நமக்கு மிக நெருக்கமானது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு ஆண்டுக்கணக்கில் படித்திருக்கிறது. சட்டப்பேரவை 2022இல் அதைத் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானதும் அந்தத் துயரத்தால்தான். கோபம் சரி, ஆனால் அது எல்லா கேமின்மீதும் பாய்வது சரியில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தில் தோற்றவரை மீண்டும் இழுப்பது, விட்ட பணத்தைப் பிடிக்கும் வெறி. அந்தக் கண்ணி சதுரங்கத்திலும் டெட்ரிஸிலும் கிடையாது. பணம் கட்டும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்த 2025ஆம் ஆண்டு மத்திய சட்டமும் இ-ஸ்போர்ட்ஸையும் பணயம் வைக்காத விளையாட்டுகளையும் தனியே பிரித்துவைத்தது. சில சாதாரண கேம்களுக்குள்ளும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி வாங்கும் முறை புகுந்திருக்கிறது. பெல்ஜியம் 2018இலேயே அதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. எச்சரிக்கை வேண்டிய இடம் இது.

மூன்றாவது மறுப்பைப் பெண்கள் எழுப்புகிறார்கள்: அவர் கேம் ஆடும் நேரத்தில் பாத்திரம் கழுவுவது யார்? 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த அநீதி கிரிக்கெட் பார்ப்பவரையும் டீக்கடை அரட்டைக்காரரையும் சேர்த்தே சுடுகிறது. வேலையைப் பகிர்ந்தபின் கிடைக்கும் நேரத்தில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் விருப்பம். கேம் ஆடும் பெண்ணுக்கு விழும் ஏச்சு ஆணுக்கு விழுவதைவிட இரட்டிப்பாக இருப்பதும் இதே அநீதியின் இன்னொரு முகம்தான்.

கேமை ஆதரிப்பவர்கள் சிலர், அது மூளைக்கு நல்லது, கைத்திறனை வளர்க்கிறது என்று பயன் பட்டியல் போடுகிறார்கள். சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் யாரும் கேட்காத அந்தச் சான்றிதழை கேமுக்கு மட்டும் தேட வேண்டியதில்லை; உழைத்தவருக்கு ஓய்வு உரிமை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: தூக்கம் கெடுகிறதா? பணம் போகிறதா? வேலையும் உறவும் பின்தங்குகின்றனவா? வீட்டுச் சுமை இன்னொருவர் தலையில் விழுகிறதா? நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா? இவற்றில் ஒன்றுக்காவது கவலை தரும் பதில் வந்தால், உட்கார்ந்து பேச வேண்டும். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வயதைச் சொல்லிக் காட்டும் பேச்சை நிறுத்திவிடலாம். ஆடுபவரும் திரையை மறைக்காமல், தலை நிமிர்ந்து ஆடலாம்.