கியூபெக்கில் ஒரு சுற்று

தெற்கெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் நம்முடையது. ஆதலால், கனடாவின் கியூபெக் மாநிலத்தார் தம் மொழிமீது கொண்ட பற்று நமக்கு எளிதில் விளங்கும்.

பரப்பில் அது ஏறத்தாழப் பன்னிரண்டு தமிழ்நாடுகளுக்குச் சமம். மக்களில் பெரும்பாலோர் தெற்கே செயின்ட் லாரன்ஸ் ஆற்றையொட்டி வாழ்கின்றனர். வடக்கே காடும் ஏரியும் பனியுந்தான். 1608-இல் சாம்ப்லேன் நிறுவிய கியூபெக் நகரில் இன்றும் கோட்டை மதில் நிற்கிறது. ஆற்றின் போக்கிலேயே சென்றால், கோடையில் ததுசாக் ஊரருகே திமிங்கலங்களைக் காணலாம். முக்கடல் பார்த்து வளர்ந்த நமக்கும் அது புதுமையே!

1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றனர்; கியூபெக்கையோ ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. பிரான்சு நாட்டிலேயே சாலைப் பலகையில் ‘ஸ்டாப்’ என்றிருக்க, இங்கே பெரும்பாலும் ‘அரே’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள்! 1977-இல் வந்த மொழிச் சட்டப்படி, குடியேறியோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் பயில வேண்டும். மொன்றியாலில் வாழும் ஈழத்தமிழர் பிள்ளைகளுக்கும் இதுவே விதி. பள்ளியில் பிரெஞ்சு, கடைத்தெருவில் ஆங்கிலமும். தமிழ் அவர்கள் காதில் விழுவது வீட்டிலும், வார இறுதி வகுப்பிலும், முருகன் கோயிலிலுந்தான்.