வாளில் பொறித்த பொய்

மூன்றரை அடி நீளம். ஒல்லியான அலகு. கைப்பிடியைச் சுற்றிக் கொடி படர்ந்தாற்போல் வளைந்த இரும்புக் கம்பிகள். அலகின் நடுவே ஓடும் பள்ளத்தில் ஏதோ எழுத்துக்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள்: 'டொலீடோ'. ஆகா, ஸ்பெயின் தேசத்து வாள் என்று உடனே தீர்மானித்து விடுகிறீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறீர்கள்!

ரேப்பியர் என்பது இந்த வாளின் பெயர். 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீதியில் உலாவும்போது இடுப்பில் தொங்கவிட்டுக் கொண்டது. வெட்டுவதைவிடக் குத்துவதற்கே ஏற்றது. ஒருவரை ஒருவர் மிஞ்ச வேண்டுமென்று இதன் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அலகு நாற்பதரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1566-ல் எலிஸபெத் மகாராணி உத்தரவு போட நேர்ந்ததென்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

துவந்த யுத்தத்தில் அலகு முறிந்தால் ஆள் தொலைந்தான். ஆகவே, எந்த ஊர் எஃகு என்பது உயிர்ப் பிரச்னை. இத்தாலியில் மிலான், ஜெர்மனியில் ஸோலிங்கன், ஸ்பெயினில் டொலீடோ ஆகிய ஊர்கள் வாளுக்குப் பேர் போனவை. அவற்றிலும் டொலீடோ என்றால் தனி மவுசு. அவ்வூர்க் கொல்லர்களான அலோன்ஸோ டி ஸஹாகுன், தோமாஸ் டி அயாலா ஆகியோரின் பெயர் பொறித்த வாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்க ஆள் இருந்தது.

இதை ஸோலிங்கன்காரர்கள் கவனித்தார்கள். அவர்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் அல்ல. கிளெமன்ஸ் ஹார்ன் என்பவர் ஒற்றைக் கொம்புக் குதிரையின் தலையையும், யோஹானஸ் வுண்டெஸ் முடி சூடிய ராஜாவின் தலையையும் சொந்த முத்திரையாகப் பொறித்துப் புகழ் பெற்றார்கள். ஆனால் அந்த ஊர்ப் பட்டறைகளில் பலருக்குச் சொந்தப் பெயரைவிட ஸ்பானியர் பெயரே லாபமாகப் பட்டது. அலகு ஜெர்மனியில் அடித்தது; கையெழுத்து மட்டும் டொலீடோ!

திருடன் எங்கேயாவது தடயம் வைப்பான் அல்லவா? எழுத்துப் பிழைதான் அந்தத் தடயம். ஸ்பானிஷ் தெரியாதவர்கள் 'ஸஹாகுன்' என்பதை 'ஸஹாகோம்' என்று வெட்டி வைத்தார்கள். 'டொலீடோவில்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'என் டொலீடோ' (நம் தமிழ் 'என்' அல்ல!). அது ஜெர்மன் வழக்கப்படி 'இன் டொலீடோ' என்று இருந்தால் சந்தேகம் கொள்வது நல்லது.

சித்திர முத்திரைகளிலும் இதே கதைதான். பாஸாவ் என்ற ஜெர்மன் ஊரின் அடையாளம், ஓடும் ஓநாய். அலகில் நாலைந்து கோடுகள் கீறிப் பித்தளை பதித்திருப்பார்கள். ஓநாயா, நாயா, நரியா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதையும் ஸோலிங்கன் எடுத்துக் கொண்டது. எனவே ஓநாயைக் கண்டதும் பாஸாவ் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? கைப்பிடியையும் நம்புவதற்கில்லை. ஓரிடத்தில் வாங்கிய அலகுக்கு வேறோர் ஊரில் பிடி போடுவார்கள். நாகரிகம் மாறினால் பழைய பிடியைக் கழற்றி எறிவார்கள். ஐரோப்பிய அலகுகள் கப்பலேறி நம் தேசத்துக்கே வந்திருக்கின்றன. நம்மவர்கள் அவற்றுக்கு உள்ளூர்ப் பிடி பொருத்தி, 'பிரங்கி' என்று பெயரிட்டார்கள். தஞ்சைக் கட்டாரிகள் சிலவற்றில் இருப்பதும் ஐரோப்பிய அலகுதான். ஆகவே தேர்ந்தவர்கள் அலகை வேறாகவும் பிடியை வேறாகவும் ஆராய்கிறார்கள். பிடியைக் கழற்ற முடிந்தால், உள்ளே மறைந்திருக்கும் இரும்பு நாக்கையும் பார்ப்பார்கள். கொல்லன் அடித்த சிறு முத்திரை சில வாள்களில் அங்கே ஒளிந்திருக்கும்.

வேடிக்கையைக் கேளுங்கள். ஸோலிங்கன் இன்று கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் உலகப் பிரசித்தம். அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் 'ஸோலிங்கன்' என்று பொறிக்கக் கூடாதென்று ஜெர்மனியில் 1938-ல் சட்டமே போட்டார்கள். 1994-ல் அதைப் புது விதியாகவும் புதுப்பித்தார்கள். ஸஹாகுனுக்கு அப்படிப் பரிந்து பேச அந்நாளில் ஸோலிங்கனில் யாரும் இருக்கவில்லை!