யானையைப் பிடித்த கதை

"நாளைச் சாயங்காலம் யானையைப் பிடிக்கப் போகிறேன்" என்று 1986-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு என் மனைவியிடம் அறிவித்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. ஆகையால் என் பேச்சை அவள் மரியாதையுடன் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தாராளமாய்ப் பிடியுங்கள், ஆனால் கொண்டு வந்து கட்டுவதற்கு நம் வீட்டில் இடமில்லை" என்றாள்.

நான் சொன்ன யானை, மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடைக்கு அருகே யுகயுகமாகப் படுத்துக் கிடக்கும் யானை. ஆம், யானைமலைதான். துதிக்கையை நீட்டிக் கொண்டு, மேய்ந்து களைத்துப் படுத்தது போன்ற அந்த ஒற்றைப் பாறையை மதுரைக்குப் போனவர்கள் எல்லாரும் பஸ்ஸிலிருந்தாவது பார்த்திருப்பார்கள். சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கநாதர் எய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். புராணத்தைத் தள்ளிவிட்டுச் சரித்திரத்தைப் பார்த்தாலும் மலையின் பெருமை குறைவதில்லை. மலையடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தவர் பாண்டியன் நெடுஞ்சடையனுடைய மந்திரி மாறன் காரி என்பவர். கி.பி. 770-ஆம் வருஷத்துச் சாஸனம் அங்கே இருக்கிறது. மேலே சமண முனிவர்கள் வாழ்ந்த குகையும், தீர்த்தங்கரர் உருவங்களும், வட்டெழுத்துக்களும் இருக்கின்றன.

இத்தகைய யானையைப் பிடிப்பதற்கு, பள்ளிக்கூட உபாத்தியாயரான நான் கையில் எடுத்துச் சென்ற ஆயுதம், என் மைத்துனரிடம் இரவல் வாங்கிய ஆக்பா கிளிக் காமிரா. சுருளுக்குப் பன்னிரண்டு படம். திருகுவதற்கும் திருப்புவதற்கும் அதில் அதிகம் ஒன்றும் கிடையாது. ஆகையால் தவறு நேர்ந்தால் காமிராவின் மேல் பழி போடவும் வழி கிடையாது.

தவறு நேர்ந்தது. சாயங்கால வெயில் தங்கமாயிருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். வாஸ்தவந்தான். ஆனால் அந்தத் தங்கம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. மேலூர்ச் சாலைக்கு மேற்கே கிடக்கிறது மலை. சாயங்காலத்தில் சூரியன் யானைக்குப் பின்னால் போய் இறங்குகிறான். நானோ முன்னால் நின்றேன். படத்தை அச்சுப் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் வெகு நேரம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதிலே எது மேல் பக்கம்?" என்று கேட்டார். என் மனைவி, "கரிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் சொன்னாள்.

நிலக்காட்சியைப் படம் பிடிப்பவனுக்கு முதல் பாடம் இதுதான். மலை நகராது, ஆகையால் சூரியன் நகர்ந்து வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டும். ஒரே மலை காலை ஆறரை மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, உச்சிப் பொழுதில் மற்றொன்று. பக்கவாட்டில் வெயில் விழும்போது பாறையின் மடிப்பும் வெடிப்பும் நிழல் காட்டி எழுந்து நிற்கும். நேர் வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே போனேன். யானை இந்தத் தடவை யானை மாதிரியே விழுந்தது. ஆனால் வானத்தைக் காணவில்லை! கண்ணுக்கு நீலமாகத் தெரிந்த வானம் படத்தில் சலவை வேஷ்டி மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

இதற்குக் காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு நீல நிறத்தின் மேல் நம் கண்ணுக்கு இருப்பதைவிட அதிக மோகம். நீல வானத்தின் ஒளியை அள்ளிக் குடித்துவிடும்; அச்சில் அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். லென்ஸின் முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டினால், அது நீல ஒளியை ஓரளவு தடுக்கும். வானம் கொஞ்சம் கறுத்து, மேகம் பஞ்சாகப் பிரிந்து தெரியும். ஆரஞ்சுக் கண்ணாடியானால் இன்னும் கறுக்கும். சிவப்பானால் பட்டப்பகலிலேயே புயல் வரப் போவது போல் இருக்கும்.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் ஏற்பட்டதன்று என்று அறிந்தபோது மனத்துக்குச் சற்றுத் தெம்பு உண்டாயிற்று. எனக்கு நூற்றிருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், 1858-இல், இதே யானையைப் பிடிக்க ஒருவர் வந்திருந்தார். லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் பட்டாளத்துக் காப்டன் அவர். முதலில் ஆசைக்காகப் படம் பிடிக்கக் கற்றுக் கொண்டு, பிறகு சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராக நியமனம் பெற்றவர். அவரிடம் பிலிம் ஏது? மெழுகு ஊட்டிய காகிதத்தில் ரசாயனம் பூசி, பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம் உள்ள நெகடிவ்களைத் தாமே தயாரித்தார். எங்கள் வெயிலிலும் புழுக்கத்திலும் அந்த ரசாயனங்களோடு அவர் பட்ட பாடு சாமான்யமாய் இராது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார் இந்த மனிதர். அவருடைய காகிதத்திலும் வானம் வெளுத்துத்தான் விழுந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவிலேயே வர்ணத்தால் மேகங்களை எழுதிவிட்டார்!

கடைசியில், செலவு மிகுதி என்று சர்க்கார் அவருடைய இலாகாவையே மூடிவிட்டது. இதைப் படித்ததும் டிரைப் துரையிடம் எனக்கு அலாதியான அபிமானம் பிறந்தது. ஏனெனில் அதே காரணத்தை முன்னிட்டு என் வீட்டுச் சர்க்காரும் என் இலாகாவை மூடிவிட வேண்டும் என்று அப்போது ஆலோசித்துக் கொண்டிருந்தது.

*

செலவு மிகுதிதான், மறுப்பதற்கில்லை. காமிரா என்பது ஒரு சாமான் அல்ல, ஒரு குடும்பம். காமிரா வந்தால் பின்னாலேயே முக்காலி வரும். முக்காலி வந்தால் பை வரும். பையில் இடம் இருப்பதைக் கண்டதும் இன்னொரு லென்ஸ் வரும். அந்த லென்ஸின் வாய்க்கு முந்தைய மஞ்சள் கண்ணாடி சேராது. ஆகையால் புதிய கண்ணாடிகள் வரும். 1988-இல், இரண்டு தீபாவளிப் போனஸை விழுங்கிவிட்டு, முப்பத்தைந்து மில்லிமீட்டர் காமிரா ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிலிம் மட்டும் நம் ஊர்ச் சரக்கு: உதகமண்டலத்தில் சர்க்கார் ஆலையில் செய்த 'இந்து' பிலிம். அந்த ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதில் எடுத்த என் படங்கள் இன்றும் மங்காமல் இருக்கின்றன.

பெரிய மலையைப் பிடிக்க அகன்ற பார்வையுள்ள லென்ஸ்தான் வேண்டும் என்று நானாகவே தீர்மானித்து, 28 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக் கொண்டு, மலைக்கு எதிரே ஒரு பனைமரத்தடியில் நின்று எடுத்தேன். படத்தில் பனைமரம் ஆகாயத்தை முட்டிற்று. வரப்பும் வாய்க்காலும் பிரமாதமாய் விழுந்திருந்தன. யானை மட்டும் பெருச்சாளியாகிவிட்டது!

அகன்ற லென்ஸின் இயல்பே அது. எல்லாவற்றையும் வாரிச் சேர்த்துக் கொள்ளும். ஆனால் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டிவிடும். மலையின் கம்பீரம் படத்தில் விழ வேண்டுமானால், பனைமரத்தை விட்டு வெகு தூரம் பின்னால் போக வேண்டும். பிறகு நீண்ட லென்ஸால் எட்டிப் பிடிக்க வேண்டும். அப்போது பனை சின்னதாகி, மலை அதன் பின்னால் ஓங்கி நிற்கும். இதற்காக நான் வாங்கிய 135 மில்லிமீட்டர் லென்ஸின் விலையை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இந்தக் கட்டுரையை என் மனைவியும் படிப்பாள்.

1989-ஆம் வருஷம் ஐப்பசியில், இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் யானை எனக்கு அகப்பட்டது. புழுதி அடங்கி, காற்று துடைத்த கண்ணாடியாய் இருந்தது. பாறையில் வழிந்த நீர் வெயிலில் வெள்ளிக் கோடாய் மின்னிற்று. முப்பத்தைந்து படம் எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷத்துடன் இட்டிலி சாப்பிட்டது கிடையாது.

*

சுருளில் ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது. ஒரு சிநேகிதரைப் பார்ப்பதற்காக மேலூருக்கு அப்பால் ஸ்கூட்டரில் போய்க் கொண்டிருந்தேன். வழியில் ஒரு சின்னக் குன்று, அடியில் புளியமரம், சில ஆடுகள், கோலை ஊன்றிக் கொண்டு ஒரு பெரியவர். சுருளை முடித்துவிட்டால் இன்றைக்கே கழுவக் கொடுத்துவிடலாம் என்ற ஒரே எண்ணத்துடன் காமிராவைத் தூக்கினேன்.

பெரியவர் சிரித்தார். "இந்த மொட்டைப் பாறையிலே என்னத்தைத் தம்பி கண்டீங்க? அங்கிட்டு ஆனைமலை இருக்கே, அதைப் பிடிங்க" என்றார்.

"பிடிச்சாச்சு, ஐயா" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். படம் கோணலாகத்தான் விழுந்திருந்தது. ஓரத்தில் என் ஸ்கூட்டரின் கண்ணாடியும் தெரிந்தது. அச்சுப் போடாமலே, நெகடிவை வெண்ணெய்க் காகித உறையில் செருகி வைத்துவிட்டேன்.

2011-இல் மறுபடியும் அவ்வழியே போக நேர்ந்தது. புளியமரம் இருந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். குன்றைக் காணவில்லை. வழி தவறிவிட்டேன் என்றே முதலில் எண்ணினேன். பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். குன்று இருந்த இடத்தில் செங்குத்தாக வெட்டிய ஒரு பள்ளம். அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர். சதுரம் சதுரமாய் அறுத்த கற்கள் கரையில் அடுக்கிக் கிடந்தன.

வீட்டுக்கு வந்ததும் பழைய உறைகளைக் கிளறி அந்த நெகடிவை எடுத்தேன். அதற்குச் சில மாதத்துக்கு முன்புதான் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த ஐந்து வருஷத்து டிஜிட்டல் படங்கள், தட்டு பழுதானதால் ஒரே நாளில் மறைந்து போயிருந்தன. இருபத்திரண்டு வருஷத்து இந்தப் பிலிம் துண்டோ நேற்றுக் கழுவியது போல் இருந்தது. பெரிதாய் அச்சுப் போட்டு எடுத்துக் கொண்டு அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் படத்தை வாங்கி வெகு நேரம் பேசாமல் பார்த்தார்.

"எங்கய்யா படம் எங்க வீட்டிலே ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் கடைசியில். பிறகு, "இந்த இடத்திலே மலை இருந்துச்சுன்னு சொன்னா, பிள்ளைக நம்பமாட்டேங்குதுக. இதை வச்சுக்கிடலாங்களா?" என்று கேட்டார்.

யானையை எடுத்த முப்பத்தைந்து படங்களில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

*

மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் 2012-இல் நாடெங்கும் செய்தியாயின. யானைமலைக்கே ஆபத்து வந்தது. 2010-ஆம் வருஷ வாக்கில் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, சுற்றுக் கிராமத்து ஜனங்கள் எதிர்த்து நின்று மலையைக் காத்தார்கள். பக்கத்தில் அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகள் உள்ள சுமார் 193 ஹெக்டேர் நிலம், 2022-இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும், அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட 2024-இல் ஏலம் விடப்பட்டது. ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் அதை ரத்துச் செய்தது.

மலைகளைக் காத்தவர்கள் அந்த ஊர் ஜனங்கள், காமிராக்காரர்கள் அல்ல. ஆயினும் படத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர், பதினெட்டு அங்குலத்துக்கு இருபத்திரண்டு அங்குலக் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்று 1861-இல் யோஸமிட்டிப் பள்ளத்தாக்கைப் படம் பிடித்தார். அங்கே போயிராதவர்களும் அந்தப் படங்களைக் கண்டு வியந்தார்கள். மூன்றே வருஷத்தில், 1864-இல், அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுஜனங்களுக்காகவே காக்க வேண்டும் என்னும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார்.

ஆகையால் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இது. இன்று வீட்டுக்கு வீடு, கைக்குக் கை காமிரா இருக்கிறது. உங்கள் ஊர்க் குன்றையும், குளத்தையும், ஆற்றையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த இடத்தில் நின்று எடுத்தீர்கள், என்றைக்கு எடுத்தீர்கள் என்பதைப் பின்புறம் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நின்று, அதே மாதத்தில், மறுபடியும் எடுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல், காகிதத்தில் ஓர் அச்சும் போட்டு வையுங்கள். இதற்கு 135 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டியதில்லை. படம் சற்றுக் கோணலாய் இருந்தாலும் பாதகமில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது ஒரே ஒரு படம் மாட்டியிருக்கிறது. யானை அல்ல, யானை பீரோவுக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பது அந்த மொட்டைப் பாறையும், புளியமரமும், பெரியவரும், என் ஸ்கூட்டர்க் கண்ணாடியுந்தான். ஆணி அடித்து மாட்டியவள் என் மனைவி. "யானைக்குத்தான் இடமில்லை என்று சொன்னேன், இதற்கு இடம் இருக்கிறது" என்றாள்.