கார்டில் பணம் இருக்கிறது, கரன்ட் பில்தான் கட்ட முடியவில்லை

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உண்டு. ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஐ உதவித்தொகையை நம்பி வாழ்கிறவர்களும் உண்டு. இவர்களில் வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு அரசு ஒரு கார்டு தருகிறது. அதன் பெயர் டைரக்ட் எக்ஸ்பிரஸ். மாதந்தோறும் உதவிப் பணம் நேரே அதில் ஏறிவிடும். மாஸ்டர்கார்டு முத்திரை இருப்பதால் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பொருள் வாங்கலாம், ஏடிஎம்மில் பணமும் எடுக்கலாம். அதே கார்டை வைத்துக்கொண்டு மின்சாரம், தண்ணீர், கேஸ், வாடகை என்று வீட்டுச் செலவுகளை இணையத்தில் கட்ட உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கார்டில் பணம் இருக்கும், கெடு நாளும் தாண்டியிருக்காது. ஆனாலும் பில் கட்டும் பக்கம் கார்டை ஏற்க மறுக்கும். ஏற்றுக்கொண்டால் அதற்கெனத் தனியாகக் காசு கேட்கும்.

முதியவர்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாததுதான் காரணம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அமெரிக்காவில் வீட்டுக் கட்டணங்களைக் கட்டும் முறை வங்கிக் கணக்கு எண்ணைச் சுற்றி வளர்ந்தது. அரசு இவர்கள் கையில் கொடுத்ததோ கார்டு எண். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தாண்டுவதற்கான செலவு, நாட்டிலேயே மிகக் குறைந்த வருமானத்தில் வாழ்பவர்கள் தலையில் விழுகிறது.

கார்டு வந்த கதை

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், வரித் திருப்புத் தொகை நீங்கலாக மத்திய அரசு வழங்கும் பணமெல்லாம் 1999 முதல் மின்னணு வழியில் போக வேண்டும் என்றது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு நியாயமான செலவில் ஒரு கணக்கு கிடைக்க வழி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அதன்படி 1999-இல், மாதக் கட்டணம் 3 டாலரைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு ஒரு எளிய கணக்குத் திட்டம் தொடங்கப்பட்டது. அது வேர்விடவில்லை. 2008-இல் கருவூலத் துறை காமெரிக்கா வங்கியின் மூலம் டைரக்ட் எக்ஸ்பிரஸ் கார்டைக் கொண்டுவந்தது. 2013 மார்ச் 1 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, காசோலை வாங்கிக்கொண்டிருந்தவர்களும் வங்கிக் கணக்கு அல்லது இந்தக் கார்டு என இரண்டில் ஒன்றுக்கு மாற வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்த காகிதக் காசோலைகளையும் 2025 செப்டம்பர் 30-க்குள் நிறுத்த வேண்டும் என்று அந்த ஆண்டு மார்ச்சில் அதிபரின் உத்தரவு வந்தது.

அரசுக்கு இதில் லாபம் உண்டு. ஒரு காசோலையை அச்சடித்து அனுப்ப ஏறத்தாழ ஒரு டாலர் ஆகும், மின்னணு வழியில் பத்து சென்ட் அளவில் வேலை முடியும் என்பது கருவூலம் சொன்ன கணக்கு. வாங்குகிறவர்களுக்கும் நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. காசோலை தபாலில் திருடு போகும் பயம் போயிற்று, அதைப் பணமாக்கித் தரும் கடைகளுக்குக் கமிஷன் அழும் நிலையும் போயிற்று. கார்டுக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் பணம் கைக்கு வந்து சேரும் வழியைத் திட்டமிட்ட அளவுக்கு, கையிலிருந்து அது போக வேண்டிய இடத்துக்குப் போகும் வழியை யாரும் யோசிக்கவில்லை.

இவர்களுக்கு ஏன் வங்கிக் கணக்கே இல்லை என்று கேட்கலாம். மத்திய வைப்புநிதிக் காப்பீட்டுக் கழகம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி 4.2 விழுக்காடு குடும்பங்கள், அதாவது ஏறத்தாழ 56 லட்சம் குடும்பங்கள், வங்கிக் கணக்கு இல்லாமல் இருந்தன. அவர்கள் அதிகமாகச் சொன்ன காரணம், குறைந்தபட்ச இருப்பை வைத்திருக்க முடியவில்லை என்பது. எஸ்எஸ்ஐயின் உச்சத் தொகை 2025-இல் தனிநபருக்கு மாதம் 967 டாலர். கையிருப்பும் சேமிப்பும் சேர்ந்து 2,000 டாலரைத் தாண்டினால் அந்த உதவியே நின்றுபோகும். 1989 முதல் இந்த வரம்பு உயரவில்லை. சேமிக்கவும் கூடாது, இருப்பும் குறையக் கூடாது என்றால் ஒருவர் எங்கே போவார்?

பக்கம் ஏன் மறுக்கிறது?

மின்வாரியமோ தண்ணீர் நிறுவனமோ இணையத்தில் பணம் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு வழி வைத்திருக்கும். ஒன்று, வங்கிக் கணக்கிலிருந்து நேரே எடுத்துக்கொள்வது. இதற்கு நம் ஊர் ஐஎஃப்எஸ்சி போல வங்கியைக் காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணும், கணக்கு எண்ணும் வேண்டும். ஏசிஎச் எனப்படும் இந்த வழியில் நிறுவனத்துக்கு ஆகும் செலவு சில சென்ட்தான். அதனால் கட்டுகிறவரிடமும் பொதுவாக எதுவும் கேட்பதில்லை. இன்னொன்று கார்டு. கார்டில் பணம் வாங்கினால் கார்டு தந்த வங்கிக்கும் மாஸ்டர்கார்டு, விசா போன்ற வலைப்பின்னல்களுக்கும் நிறுவனம் பங்கு கொடுக்க வேண்டும். கடைக்காரர் அந்தச் செலவைப் பொருளின் விலையில் சேர்த்துவிடுவார். மின் கட்டணத்தில் அப்படிச் செய்ய முடியாத பல நிறுவனங்கள், கார்டு வேலையை இடைநிலை நிறுவனம் ஒன்றிடம் விட்டுவிட, அது ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணத்தைக் கட்டுகிறவரிடமே வாங்கிக்கொள்கிறது.

டைரக்ட் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவருக்குச் செக் புத்தகம் கிடையாது. செலவில்லாத முதல் வழிக்குத் தேவையான கணக்கு எண்ணை எடுத்துக் கொடுத்துக் கட்டச் சொல்லவும் வசதியில்லை. மிஞ்சுவது கட்டணம் பிடிக்கும் இரண்டாவது வழிதான். மாதம் மூன்று பில், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை டாலர் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 90 டாலர் ஆகிறது. வங்கிக் கணக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர் அதே மின்சாரத்துக்கு இந்த 90 டாலரைக் கட்டுவதில்லை.

கட்டணத்தைப் பொறுத்துக்கொண்டாலும் வேலை முடிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கார்டின் முன்னிலக்கங்களைப் பார்த்தே அது பிரீபெய்டு வகை என்று கணினி கண்டுகொள்ளும். மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடுகளில் சில நிறுவனங்கள் இந்த வகைக் கார்டுகளை ஏற்பதில்லை. முகவரிச் சரிபார்ப்பு இன்னொரு தடை. இணையத்தில் கொடுக்கும் வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் கார்டு வங்கியிடம் உள்ள பதிவோடு பொருந்த வேண்டும். வீடு மாறியவர் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சொல்லிவிட்டால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று நம்புவார். கார்டு வங்கியிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரையில் வருவது ‘ஏற்கப்படவில்லை’ என்ற ஒரே வரி. பணம் போதவில்லையா, முகவரி தவறா, பிரீபெய்டு கார்டே கூடாதா என்று அந்த வரியிலிருந்து தெரியாது. மறுபடி மறுபடி முயன்றால் மோசடியோ என்று சந்தேகித்துக் கார்டு முடக்கப்படவும் கூடும். கட்டணத்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். காரணத்தைச் சொல்லிவிட்டு மறுத்தால் மனிதர் வேறு வழி பார்ப்பார். காரணம் சொல்லாமல் மறுக்கும்போது தன்னையே குறை சொல்லிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

தேதிகளின் சிக்கலும் உண்டு. எஸ்எஸ்ஐ மாதத்தின் முதல் நாளில் வரும். ஓய்வூதியம் பலருக்கும் பிறந்த தேதியைப் பொறுத்து இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது புதன்கிழமையில் வரும். பில்லின் கெடு அதற்கு இரண்டு நாள் முன்னால் விழுந்தால் தாமதக் கட்டணம். இருப்புக்கு மேல் ஒரு சென்ட் வேண்டியிருந்தாலும் கார்டு மறுக்கும். இருப்பதைக் கார்டில் கட்டி, மிச்சத்தை ரொக்கமாகக் கட்ட எல்லாப் பக்கமும் விடுவதில்லை.

வாடகை இன்னும் கடினம். சிறு வீட்டுக்காரர்கள் பலர் கார்டு வாங்குவதில்லை, செக் கேட்பார்கள். கார்டுக்காரர் தபால் நிலையத்துக்குப் போய் மணி ஆர்டர் எடுக்க வேண்டும். அங்கே டெபிட் கார்டை ஏற்பார்கள், ஆனால் ஒரு மணி ஆர்டரின் உச்சம் 1,000 டாலர், அதற்கும் கட்டணம் உண்டு. ஏடிஎம்மில் எடுக்கலாம் என்றால், ஒவ்வொரு முறை பணம் ஏறும்போதும் ஒரு முறைதான் இலவசம். அடுத்தடுத்து எடுத்தால் 2025 கணக்குப்படி முறைக்கு 85 சென்ட், அந்த ஏடிஎம்காரர் தனியாகப் பிடிப்பது வேறு. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு, பனி கொட்டும் மாதத்தில், வாடகைக்காகத் தபால் நிலையம் போய் வருவது என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கார்டு ஈபிடி. உணவு உதவியும் ஏழைக் குடும்பங்களுக்கான மாநில ரொக்க உதவியும் அதில் வரும். உணவுப் பணத்தில் உணவு தவிர எதுவும் வாங்க முடியாது. 2019-இல் நியூயார்க்கில் தொடங்கி இணையத்தில் மளிகை வாங்க வழி வந்தபோதும், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியை அதிலிருந்து கட்ட அனுமதி இல்லை. மாஸ்டர்கார்டு, விசா முத்திரை இல்லாததால் பில் கட்டும் பக்கங்களிலும் அது பொதுவாகச் செல்லாது.

பணம் போய், பில் நின்றால்

கார்டில் பணம் கழிந்தும் பில் கட்டப்படாததாகக் காட்டினாலோ, இரண்டு முறை கழிந்தாலோ சட்டப் பாதுகாப்பு உண்டு. 1978-இன் மின்னணுப் பணமாற்றச் சட்டத்தின் கீழ் வங்கி புகாரைப் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். கூடுதல் காலம் எடுத்தால் பணத்தைத் தற்காலிகமாகத் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பாதுகாப்பைப் பெறுவதற்கு முதலில் யாராவது போனை எடுக்க வேண்டுமே. 2024 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு காமெரிக்கா வங்கிமேல் வழக்குப் போட்டது. டைரக்ட் எக்ஸ்பிரஸ் வாடிக்கையாளர்களின் 2.4 கோடி அழைப்புகள் வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டன, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் முறையற்ற ஏடிஎம் கட்டணம் பிடிக்கப்பட்டது என்பவை அதிலிருந்த குற்றச்சாட்டுகள். வங்கி அவற்றை மறுத்தது. 2025 ஏப்ரலில் அந்த அமைப்பே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு அதோடு போயிற்று.

இன்றைக்கு ஒருவர் செய்யக்கூடியவை சில உண்டு. கார்டிலிருந்து சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் மாற்றலாம், 2025 கணக்குப்படி முறைக்கு ஒன்றரை டாலர். அதைவிட, உதவிப் பணமே நேரே வங்கிக் கணக்கில் ஏறும்படி மாற்றிக்கொள்வது மேல். எந்த நேரத்திலும் மாற்றலாம். ‘பேங்க் ஆன்’ சான்று பெற்ற கணக்குகள் இதற்குப் பொருந்தும். மாதக் கட்டணம் பொதுவாக 5 டாலரைத் தாண்டாது, இருப்புக்கு மேல் எடுத்துவிட்டதாக அபராதம் விழாது, பில் கட்டும் வசதியும் சேர்ந்தே வரும். கட்டண நாளை உதவிப் பணம் வரும் நாளுக்குப் பின்னால் தள்ளி வைக்கும்படி மின் நிறுவனத்திடம் கேட்டால் பல நிறுவனங்கள் சம்மதிக்கும். குளிர்கால எரிபொருள் செலவுக்கு லைஹீப் என்னும் மத்திய உதவித் திட்டம் இருக்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் நேரே மின் நிறுவனத்துக்கோ எரிவாயு நிறுவனத்துக்கோ போய்விடும், கார்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த வழிகள் எல்லாமே தனி மனிதர் தேடிக் கண்டுபிடித்து, போன் போட்டு, படிவம் நிரப்பிச் செய்ய வேண்டியவை. அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. கார்டின் பின்னால் இருக்கும் கணக்குக்கு, பில் கட்டப் பயன்படும் ஒரு கணக்கு எண்ணைக் கொடுக்கலாம். அது பாதுகாப்பில்லை என்று கருதினால், கார்டின் சொந்தச் செயலியிலேயே பில் கட்டும் வசதியை இலவசமாக வைக்கலாம். டைரக்ட் எக்ஸ்பிரஸை நடத்தும் பொறுப்பு வேறு வங்கிக்கு மாறுவதாகக் கருவூலத் துறை 2025-இல் அறிவித்தது. நியாயமான செலவு என்று 1996-இல் சட்டத்தில் எழுதியதற்குள் மின் கட்டணமும் வாடகையும் கட்டும் செலவையும் சேர்த்து எண்ண, புதிய ஏற்பாடு நல்ல தருணம்.