எந்த மைனரில் பாடுவது?

தவக்காலம் நெருங்கும்போது நம் பங்குகளின் பாடகர் குழுக்களில் பாடல் புத்தகத்தின் பக்கங்கள் மாறுவதோடு கித்தாரின் ஒலியும் மாறிவிடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் துள்ளலாக ஒலித்த அதே கித்தார், சாம்பல் புதனன்று பெரும்பாலும் இ மைனர் கார்டில் தொடங்கும். ஏன் இ மைனர் என்று கேட்டுப் பார்த்தால், பல நேரங்களில் காரணம் மிக எளியது: அந்தக் கார்டுக்கு இரண்டு விரல்கள் போதும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசிக்கிறவரின் விரலுக்கு எளிதாக இருப்பது பாடும் இறைமக்களின் தொண்டைக்கும் எளிதாக இருக்க வேண்டுமே! பல்லவி உயரும் இடத்தில் ஆலயம் முழுவதும் அமைதியாகி, ஒலிபெருக்கியில் பாடகர் குழுவின் குரல் மட்டும் கேட்கிற ஞாயிற்றுக்கிழமைகளை நாம் எல்லாரும் அறிவோம். மக்களுக்குப் பாட ஆர்வமில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஸ்கேல்தான் அவர்களைப் பாட விடாமல் தடுக்கிறது.

மைனர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சி, இ, ஜி ஆகிய மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் சி மேஜர். நடுவில் உள்ள இ சுரத்தை மட்டும் ஒரு ஃபிரெட் அளவு இறக்கினால் சி மைனர். அந்த ஒரு சுரம்தான் பாடலின் முகத்தை மாற்றுகிறது. கர்நாடக இசை அறிந்த அன்பர்களுக்கு இது புதிதல்ல. 20-வது மேளகர்த்தாவான நடபைரவி மேலை இசையின் இயல்பான மைனர் ஸ்கேல். 21-வதான கீரவாணி, ஹார்மோனிக் மைனர் எனப்படுவது. இரண்டுக்கும் நிஷாதத்தில் மட்டுமே வேறுபாடு.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் கித்தாரும் கீபோர்டும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. ஏ மைனரில் ஒரு பாடல் கீரவாணிச் சாயலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜி சுரம் அரை சுரம் உயர்ந்து ஜி ஷார்ப்பாக வரும். அங்கே பொருந்துவது இ மேஜர் அல்லது இ செவன். கித்தார் வாசிக்கும் தம்பி பழக்கத்தில் இ மைனரைப் பிடித்தால் இரண்டும் உரசும். நடபைரவிச் சாயலில் போகிற பாடலுக்கோ இ மைனரும் ஜி மேஜரும்தான் இதமாக இருக்கும். ஆகவே கார்டு எழுதுமுன், அந்த நிஷாதம் எது என்று மெட்டை ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு குணம் உண்டு என்று சொல்பவர்களும் உண்டு. ஜெர்மானியரான ஷூபார்ட் என்பவரின் நூல் ஒன்று 1806-இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு ஸ்கேலும் எந்த உணர்வைத் தரும் என்று பட்டியலே இருக்கிறது. இன்றைய கீபோர்டில் எல்லா மைனர்களும் ஒரே இடைவெளியில் அமைந்தவை என்பதால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் கித்தாரில் வேறுபாடு உண்மையாகவே உண்டு. அதற்குக் காரணம் திறந்த கம்பிகள். இ மைனர் பிடிக்கும்போது ஆறு கம்பிகளில் நான்கு, விரல் படாமலே ஒலிக்கின்றன. தடித்த கம்பியின் இ சுரம் அடியில் நின்று தாங்குகிறது. மேலும் அதன் துணைக் கார்டுகளான ஏ மைனர், சி, டி, ஜி, பி செவன் எல்லாமே தொடக்கநிலையில் இருப்பவர்களாலும் பிடிக்கக்கூடியவை. ஏ மைனரில் எஃப் மேஜர் வந்து புதியவர்களின் விரலைச் சோதிக்கும். டி மைனரில் ஜி மைனரும் பி ஃபிளாட்டும் பார் கார்டுகள். அடிக்கம்பிகளையும் விட்டுவிட்டு வாசிப்பதால் ஒலியும் மெலிந்து வரும். தனிக்குரலில் பாடும் தியானப் பாடலுக்கு அந்த மெலிவே அழகு.

இனிக் குரலுக்கு வருவோம். ஹார்மோனியம் வாசித்த நம் மூத்தவர்கள் "எத்தனை கட்டை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. மெட்டு ஆதார சட்ஜத்திலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சட்ஜத்தில் தொடங்கி மேல் சட்ஜம் வரை ஏறும் பல்லவியை இ மைனரில், அதாவது மூன்று கட்டையில் வைத்தால் உச்சி மேல் இ-யில் வந்து நிற்கும். காலை ஆறு மணித் திருப்பலியில் அதைத் தொடுபவர்கள் வெகு சிலரே. சட்ஜத்துக்குக் கீழே பஞ்சமம் வரை இறங்கி, மேலே பஞ்சமம் வரை மட்டும் ஏறும் மெட்டுக்கோ அதே இ மைனர் மிகப் பொருத்தம். அதனால் கட்டையை மட்டும் பார்த்து ஸ்கேலை முடிவு செய்ய இயலாது.

முதல் மெட்டை என்ன செய்வது? நான்கு ஃபிரெட் அளவு இறக்கி சி மைனரில் வைத்தால், சி முதல் மேல் சி வரை ஆண்களும் பெண்களும் தத்தம் நிலையில் தாராளமாகப் பாடலாம். சி மைனர் கித்தாரில் கடினமாயிற்றே என்றால் அதற்குத்தான் கேப்போ இருக்கிறது. மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டி ஏ மைனர் பிடித்தால் சி மைனர் ஒலிக்கும். அதேபோல் இரண்டாம் ஃபிரெட்டில் மாட்டினால் ஏ மைனர் பிடியில் பி மைனரும், இ மைனர் பிடியில் எஃப் ஷார்ப் மைனரும் கிடைக்கும். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (நான்காம் ஞாயிறும் விழாக்களும் பெருவிழாக்களும் விதிவிலக்கு). துணை என்றால், கருவிதான் குரலுக்கு இறங்கி வரவேண்டும்.

புதிதாக மெட்டமைக்கும் இளையோருக்கு இன்னொன்று. மைனர் என்றாலே சோகம் என்று நினைத்துவிட வேண்டாம். இறந்தோர் திருப்பலியில் முன்பு பாடப்பட்ட இலத்தீன் தொடர்பாடலும், உயிர்ப்பு ஞாயிறன்று பாடப்படும் தொடர்பாடலும் கிரகோரியன் இசையில் ஒரே முதலாம் முறையைச் சார்ந்தவை. அது மைனருக்கு நெருங்கிய, நம் கரகரப்பிரியாவை ஒத்த சுர அமைப்பு. துயரத்துக்கும் அக்களிப்புக்கும் அதே சுரங்கள் போதுமானவையாக இருந்திருக்கின்றன. தாளமும் மெட்டு ஏறி இறங்கும் விதமும் மீதியைச் செய்கின்றன.

குருத்து ஞாயிறன்று பதிலுரையாக வரும் திருப்பாடல் 22-ஐ எடுத்துக்கொள்வோம். கைவிடப்பட்டவரின் கதறலாகத் தொடங்கும் அது, முடிவில் சபை நடுவே புகழ்ச்சியாக மாறுகிறது. இதை முழுவதும் ஒரே மைனரில் இழுத்துச் சென்றால் அந்தத் திருப்பம் காதில் விழாது. இ மைனரும் ஜி மேஜரும் அதே ஏழு சுரங்களைப் பகிர்ந்துகொள்பவை. முதல் மூன்று சரணங்களை இ மைனரில் நிறுத்தி, கடைசிச் சரணத்தை ஜி மேஜரில் இளைப்பாறச் செய்தால் கேட்பவருக்கு இடறலே இருக்காது. உச்ச சுரம் வரும் இடத்தில் 'ஆ', 'ஏ' போன்ற நெடில் அமையும்படி சொற்களை அடுக்குவதும் உதவும். 'இ' ஒலியில் உயர்ந்தால் தொண்டை இறுகிவிடும்.

ஸ்கேலை முடிவு செய்யும் பயிற்சி நாளில் பாடகர் குழுவைச் சேராத ஒருவரை, கோவிலைப் பெருக்க வந்த அக்காவானாலும் சரி, உபதேசியார் ஐயாவானாலும் சரி, கருவியின்றிப் பல்லவியைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். அவர் இயல்பாகத் தொடங்கும் இடத்தைக் கித்தாரில் தேடிக் கேப்போவை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு பாடல் தாளின் மேல் "ஏ மைனர், கேப்போ 3" என்று மட்டும் எழுதாமல், பக்கத்திலேயே "சி மைனர்" என்றும் எழுதி வைக்க வேண்டும். கீபோர்டு வாசிப்பவரிடம் கேப்போ கிடையாது.